அரசு கேபிள் நம் வீட்டில், அரசுத் தகவல் எங்கே?

ஆந்திராவின் பிச்சாட்டூர் ஏரியில் உபரி நீர் திறக்கப்பட்டால் ஆரணி ஆற்றில் வெள்ளம் வரும். தரைப்பாலம் மூழ்கி, ஊத்துக்கோட்டையில் போக்குவரத்து நின்றுபோன மழைக்காலங்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் நம்மிடம் முதலில் வந்து சேருவது பெரும்பாலும் வாட்ஸ்அப் வதந்திதான். ஆனால் கேபிள் டிவி உள்ள வீடுகளுக்கு உறுதியான தகவலை அரசே கொடுக்க முடியும். அதற்கான வசதியும் சட்டமும் ஏற்கெனவே இருக்கின்றன.

வசதி

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2007-ல் தொடங்கப்பட்டது. 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் கட்டணத்தில் புத்துயிர் பெற்றது. 2017-ல் டிஜிட்டலுக்கு மாறியபோது செட்டாப் பாக்ஸ்களை இலவசமாக வழங்கியது. தாலுகா அலுவலகங்களில் இ-சேவை மையங்களை நடத்துவதும் இதே நிறுவனம்தான். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இந்தக் கேபிள் வழியாகவும் வந்தது. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது அது வீட்டுக்கே பாடத்தைக் கொண்டு வந்தது. பொதுப் பணத்தில் போட்ட கேபிள் மக்களுக்கு எப்படிப் பயன்படும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சட்டம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு, மக்கள் கேட்காமலேயே அரசு அலுவலகங்கள் தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. அந்தத் தகவல் உள்ளூர் மொழியில், அந்தப் பகுதிக்கு ஏற்ற வழியில் பரப்பப்பட வேண்டும். அறிவிப்புப் பலகை, நாளிதழ், இணையம் ஆகியவற்றோடு ஊடக ஒலிபரப்பையும் சட்டமே குறிப்பிடுகிறது.

அமெரிக்காவில் 1984-ம் ஆண்டு கேபிள் சட்டப்படி, உள்ளாட்சிகள் கேபிள் நிறுவனத்தின் மொத்த வருவாயில் 5 சதவீதம் வரை கட்டணம் பெறலாம். பொதுமக்கள், கல்வி, அரசு ஆகிய மூன்றுக்கும் சேனல் ஒதுக்கும்படி கேட்கலாம். அங்கே பல ஊர்களில் நகரமன்றக் கூட்டத்தை மக்கள் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள்.

நமக்கு என்ன பயன்?

கணவர் வளைகுடாவில் இருக்க, வீட்டை நடத்தும் சகோதரிகள் நம்மிடையே பலர். ஸ்மார்ட்போன் பழகாத பெரியவர்களும் உண்டு. டாம்கோ கடன், உலமாக்கள் நல வாரியம், முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் ஆகியவற்றின் அறிவிப்புகள் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகப் பலகையோடு நின்றுவிட்டால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைசித் தேதி முடிந்த பிறகு கேள்விப்பட்டு என்ன பயன்?

நாம் செய்யக்கூடியது

ஜமாஅத் சார்பில் மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்கலாம். வெள்ள எச்சரிக்கை, நலத்திட்டக் கடைசித் தேதி, கிராம சபை நாள் ஆகிய மூன்றையும் உள்ளூர் கேபிளில் எழுத்தாக ஓடவிடக் கேட்டாலே போதும். விளம்பரத்துக்கு ஒதுக்கிய நிதி எவ்வளவு, அதில் கேபிளுக்குச் செலவிட்டது எவ்வளவு என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் மனு போடலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

பொதுப் பணம் ஓர் அமானிதம். அதற்குக் கணக்குக் கேட்பது நம் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும்கூட. ஊருக்கு ஒருவர் முன்வந்தால், இன்ஷா அல்லாஹ், அனைத்துச் சமுதாய மக்களும் பயனடைவார்கள்.