நாம் மறந்துபோன சினிமா ராணி



நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் ஒரு வினாடி வினா நடந்தது. “தென்னிந்தியாவின் முதல் பெண் டைரக்டர் யார்?” என்று கேட்டார்கள். நான்தான் முந்திக்கொண்டு எழுந்தேன். “பானுமதி!” என்றேன். நடுவர் சிரித்துக்கொண்டே, “தப்புப்பா, உட்காரு” என்றார். சரியான பெயரைக் கேட்டபோது ஹாலில் ஒருவருக்கும் அது யாரென்று தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

அவர் டி.பி. ராஜலட்சுமி. 1911-இல் திருவையாற்றில் பிறந்தவர். பால்ய விவாகம் நடந்து, அது நிலைக்கவில்லை. தகப்பனாரும் போய்விட, தாயாரோடு திருச்சிக்கு வந்தார். பிழைக்க வழி நாடகக் கம்பெனி. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டிய காலம் அது. மேடையேறும் பெண்ணை ஊர் என்ன பேசும் என்று சொல்லவா வேண்டும்? ஆனாலும் பாட்டும் நடிப்பும் அவருக்குக் கை கொடுத்தன.

பிறகு மௌனப் படங்கள். அதன்பின் 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. தமிழ் பேசிய முதல் படம். பம்பாயில் இம்பீரியல் கம்பெனி எடுத்தது, டைரக்ஷன் எச்.எம். ரெட்டி. ஒரே படத்தில் தமிழும் ஒலித்தது, தெலுங்கும் ஒலித்தது. கதாநாயகி ராஜலட்சுமி தமிழில் பேசினார், பாடினார். பின்னணி பாட ஆள் வைக்காத நாட்கள். நடிப்பவரேதான் பாட வேண்டும். 1933-இல் ‘வள்ளி திருமணம்’ வந்து வசூலில் சக்கைப்போடு போட்டது. ‘சினிமா ராணி’ என்ற பட்டமும் சேர்ந்தது. அந்தப் படத்தில் நாரதராக நடித்த டி.வி. சுந்தரத்தையே அவர் மணந்துகொண்டார்.

புகழ் வந்ததும் சும்மா இருந்தாரா? அதுதான் இல்லை! 1936-இல் ‘மிஸ் கமலா’ என்ற படத்தைத் தாமே எடுத்தார். கதை அவர், தயாரிப்பு அவர், டைரக்ஷன் அவர், கதாநாயகியும் அவர். புராணக் கதைகள் கொடிகட்டிப் பறந்த நேரத்தில் ஒரு சமூகக் கதை. தம் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். அதற்குப் பின் ‘மதுரை வீரன்’ படத்தையும் இயக்கினார்.

வடக்கே பம்பாயில் பாத்மா பேகம் 1926-லேயே மௌனப் படம் இயக்கிவிட்டார். தெற்கே வழி போட்டவர் ராஜலட்சுமி. நான் சொன்ன பானுமதி ‘சண்டிராணி’யை இயக்கியது 1953-இல், 17 வருடம் கழித்து! பிறகு சாவித்திரியின் ‘பிராப்தம்’ (1971), சுஹாசினியின் ‘இந்திரா’ (1995) என்று நடிகைகள் டைரக்டராவது தொடர்ந்தது.

1964-இல் ராஜலட்சுமி காலமானார். விந்தை பாருங்கள், பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதும் அதே வருடம்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ‘காளிதாஸ்’ பிரதி இல்லை. ‘மிஸ் கமலா’வும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், தானாகவும் உளுத்துப்போகும். வெள்ளிக்காக உருக்கப்பட்ட பழைய ரீல்களும் உண்டு. மிச்சம் இருப்பவை சில போட்டோக்கள், பாட்டுப் புத்தகங்கள், விளம்பரங்கள்தான். படம் ஓடிய நாளில் யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கி, தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் பிழைத்த காகிதங்கள் அவை.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரண்மேல் நம் கல்லூரி நாடக நோட்டீஸ், ஆண்டு விழா போட்டோ, பழைய மலர் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். நம் சங்கத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். அதில் யார் முகம் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

தம்பி தங்கைகளே, அடுத்த வினாடி வினாவில் இந்தக் கேள்வி வந்தால், நீங்களாவது சரியாகச் சொல்லிவிடுங்கள்!