ரேவா மின் தானுந்து வகைகளின் ஒப்பீடு

ரேவா என்பது பெங்களூருவில் உற்பத்தி செய்யப்பட்ட சிறிய மின் தானுந்து (கார்) ஆகும். 2001 ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்த இத்தானுந்து பின்னர் ரேவா-ஐ, ரேவா எல்-அயன், மகிந்திரா ஈ2ஓ, ஈ2ஓ பிளஸ் ஆகிய வகைகளாக மாற்றம் பெற்றது. மின்கலம், மின்னோடி (மோட்டார்), பாதுகாப்பு ஆகியவற்றில் புதிய வகைகள் பழையவற்றை விட மேம்பட்டிருந்தன. எனினும் ஒரே மின்னேற்றத்தில் ஓடும் தொலைவு அதே அளவிற்கு உயரவில்லை.

வரலாறு

1994 ஆம் ஆண்டில் பெங்களூருவின் மைனி குழுமமும் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனமும் இணைந்து ரேவா மின் தானுந்து நிறுவனத்தைத் தொடங்கின. இதனை முன்னின்று நடத்தியவர் பொறியியலாளர் சேத்தன் மைனி ஆவார். ஐக்கிய இராச்சியத்தில் இத்தானுந்து ஜி-விஸ் என்ற பெயரில் விற்கப்பட்டது. இலண்டனில் நெரிசல் கட்டணத்தில் இருந்து விலக்குப் பெற்றிருந்ததால் அங்கு இது பலரால் விரும்பப்பட்டது. 2010 மே மாதத்தில் மகிந்திரா நிறுவனம் இந்நிறுவனத்தின் 55.2% பங்குகளை வாங்கியது.

மின்கலம்

முதல் ரேவாவில் 6 வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் எட்டு, தொடராக இணைக்கப்பட்டிருந்தன. மொத்த மின்னழுத்தம் 48 வோல்ட். கொள்ளளவு 200 ஆம்பியர்-மணி. இவ்விரண்டையும் பெருக்கினால் 9.6 கிலோவாட்-மணி ஆற்றல் கிடைக்கும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட ஓட்டத்தொலைவு 80 கி.மீ. ஆகும்.

ஈய-அமில மின்கலத்தை முழுவதுமாகத் தீர்த்துப் பயன்படுத்தினால் அதன் ஆயுள் குறையும். ஐந்தில் ஒரு பங்கை மீதம் வைத்தால் 64 கி.மீ. மட்டுமே ஓட்ட முடியும். காய்ச்சி வடித்த நீரை அவ்வப்போது நிரப்பவும் வேண்டும். சில ஆண்டுகளில் மின்கலங்கள் முழுவதையும் மாற்ற நேரிடும் என்பதால், எரிபொருளில் மிச்சமான பணத்தின் ஒரு பகுதி அதற்கே செலவாகிவிடும்.

2009 சனவரியில் அறிமுகமான எல்-அயன் வகையில் லித்தியம் அயனி மின்கலம் பொருத்தப்பட்டது. ஒரு கிலோகிராம் எடையில் இது ஈய-அமில மின்கலத்தை விடப் பல மடங்கு ஆற்றலைச் சேமிக்க வல்லது. இதனால் ஓட்டத்தொலைவு 120 கி.மீ. ஆக உயர்ந்தது. பின்னர் வந்த ஈ2ஓ வகைகளும் லித்தியம் அயனி மின்கலத்தையே பயன்படுத்தின.

மின்னோடி

முதல் ரேவாவில் நேர்மின்னோட்ட மின்னோடி இருந்தது. ரேவா-ஐ வகையில் அதற்குப் பதிலாக 13 கிலோவாட் மாறுமின்னோட்ட மின்னோடி பொருத்தப்பட்டது. தேய்ந்து போகும் தூரிகைகள் இதில் இல்லாததால் பராமரிப்புக் குறைவு. மேலும் உச்ச வேகம் மணிக்கு 65 கி.மீ. இல் இருந்து 80 கி.மீ. ஆக உயர்ந்தது. மின்கலம் மாறாததால் ஓட்டத்தொலைவு 80 கி.மீ. ஆகவே இருந்தது.

பாதுகாப்பு

ஐரோப்பாவில் ரேவா, தானுந்தாக அன்றி 'நாற்சக்கர மிதிவண்டி' போன்றதொரு தனி இலகு வாகனப் பிரிவில் பதிவு செய்யப்பட்டது. மின்கலம் நீங்கலாக எடை 400 கிலோகிராமிற்கும், திறன் 15 கிலோவாட்டிற்கும் மிகாத வாகனங்கள் அப்போது இப்பிரிவில் அடங்கின. இவற்றிற்குத் தானுந்துகளுக்குரிய மோதல் சோதனை கட்டாயமில்லை. 2007 ஆம் ஆண்டில் டாப் கியர் இதழின் ஏற்பாட்டில், மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடத்தப்பட்ட மோதல் சோதனையில் இதன் உடற்பகுதி மோசமாகச் சிதைந்தது. பிரித்தானியப் போக்குவரத்துத் துறையும் தனது சோதனைக்குப் பின் கவலை தெரிவித்தது.

2008 இல் வெளியான ரேவா-ஐ வகையில் அடிச்சட்டம் வலுப்படுத்தப்பட்டது; முன்சக்கரங்களுக்கு வட்டத் தடுப்பான்கள் (டிஸ்க் பிரேக்), மோதலில் மடங்கும் திசைமாற்றித் தண்டு ஆகியன சேர்க்கப்பட்டன. பயணிகளைப் பொறுத்தவரை, வேகத்தையும் தொலைவையும் விட இதுவே முதன்மையான முன்னேற்றம் எனலாம்.

ஈ2ஓ வகைகள்

2013 மார்ச் 18 அன்று ஈ2ஓ வெளியிடப்பட்டது. பழைய ரேவாவின் பின்னிருக்கை சிறுவர்களுக்கே போதுமானது. ஈ2ஓவில் நான்கு பெரியவர்கள் அமரலாம். நீளம் சுமார் 2.6 மீட்டரில் இருந்து 3.28 மீட்டராகக் கூடியது. ஆயினும் குறிப்பிடப்பட்ட ஓட்டத்தொலைவு 100 கி.மீ. மட்டுமே, இது எல்-அயன் வகையை விடக் குறைவு. 2013 இல் தில்லியில் இதன் விலை, மாநில அரசின் சலுகைக்குப் பின் 5.96 இலட்சம் ரூபாயாக இருந்தது. 2016 அக்டோபரில் நான்கு கதவுகளுடன் ஈ2ஓ பிளஸ் வந்தது. அதன் பி8 வகை 72 வோல்ட்டில் இயங்கியது.

ஒப்பீடு (ஓட்டத்தொலைவு, மணிக்கு உச்ச வேகம்)

* ரேவா (2001): 80 கி.மீ.; 65 கி.மீ.
* ரேவா-ஐ (2008): 80 கி.மீ.; 80 கி.மீ.
* எல்-அயன் (2009): 120 கி.மீ.; 80 கி.மீ.
* ஈ2ஓ (2013): 100 கி.மீ.; 81 கி.மீ.
* ஈ2ஓ பிளஸ் பி8 (2016): 140 கி.மீ.; 85 கி.மீ.

இவை தயாரிப்பாளர் அறிவித்த அளவுகள் ஆகும். போக்குவரத்து நெரிசல், சுமை, குளிரூட்டி ஆகியவற்றைப் பொறுத்து உண்மைத் தொலைவு குறையும்.

எடுத்துக்காட்டாக, சென்னை ஆழ்வார்பேட்டையில் இருந்து தாம்பரம் சென்று திரும்ப ஏறத்தாழ 50 கி.மீ. ஆகும். இதற்கு முதல் ரேவாவே போதும். மாமல்லபுரம் சென்று திரும்ப 100 கி.மீ.க்கு மேல் ஆகும். வழியில் மின்னேற்றம் செய்யாமல் இதனைக் கடக்க ஈ2ஓவும் போதாது. எல்-அயன், பி8 ஆகிய இரண்டின் அறிவிக்கப்பட்ட அளவுகளே இதற்கு இடமளிக்கின்றன. ஆகவே, புதிய வகை மேலானதா என்பது பயன்படுத்துவோரின் அன்றாடத் தேவையைப் பொறுத்ததாகும்.

பின்னைய நிலை

ரேவா உற்பத்தி 2012 இல் முடிவுற்றது. ஈ2ஓ பிளஸ் 2019 இல் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல், ஏற்கெனவே விற்பனையில் இருந்த தானுந்து வகைகளுக்கும் இந்தியாவில் மோதல் சோதனை விதிகள் கட்டாயமாயின. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ஆலையில் இருந்து 2019 சூலையில் வெளிவந்த ஹுண்டாய் கோனாவின் மின்கலம் 39.2 கிலோவாட்-மணி கொள்ளளவு உடையது. இது முதல் ரேவாவைப் போல் நான்கு மடங்காகும்.

இவற்றையும் பார்க்க

* மின் தானுந்து
* ஈய-அமில மின்கலம்
* லித்தியம் அயனி மின்கலம்