போட் மெயில்: பாலத்தின் கதையில் இல்லாதவர்கள்

பாம்பன் பாலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பொறியாளரின் மொழியிலேயே எழுதுகிறார்கள். 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது, கடல்மீது சுமார் 2 கிலோமீட்டர், கப்பல் வந்தால் நடுவில் இரண்டாகப் பிளந்து வழிவிடும் ஷெர்சர் தூக்கு, 1964 புயலுக்குப்பின் 46 நாளில் அதைச் செப்பனிட்ட ஸ்ரீதரன். எல்லாம் உண்மைதான். யாருக்காகக் கட்டினார்கள் என்று கேட்டால் மட்டும் ராமேஸ்வரம் போகிற பக்தருக்காக என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

தண்டவாளம் வேறு கதை சொல்கிறது. பாம்பனில் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கோயிலுக்கு, மற்றது தனுஷ்கோடித் துறைக்கு. துறையில் கப்பல், சுமார் 35 கிலோமீட்டர் கடல், தலைமன்னார், அங்கே கொழும்புக்கு இன்னொரு ரயில். அதற்கு முன்பு தூத்துக்குடியிலிருந்து நீண்ட கடற்பயணம். தென்னிந்திய ரயில்வே இந்தச் சுருக்குவழியைப் போட்டது சாமி கும்பிட அல்ல. மலையகத்துத் தேயிலைக்கும் ரப்பருக்கும் ஆள் வேண்டும். ஆள் வழியில் சாகாமல் போய்ச்சேரவும் வேண்டும். காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்தவர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்து விழுந்தார்கள். தோட்டக்காரனுக்கு அது நஷ்டக் கணக்கு. அந்த நஷ்டத்தைக் குறைக்க வந்த ஏற்பாடுகளில் ஒன்றாகத்தான் இந்த ரயிலையும் நான் வாசிக்கிறேன்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சேரிகளிலிருந்தும் வறண்ட கிராமங்களிலிருந்தும் கங்காணி கூட்டிவந்தவர்கள், பெரும்பங்கு தலித்துகள், மண்டபத்தில் இறக்கப்பட்டார்கள். அங்கே இலங்கை அரசு நடத்திய முகாம். நம் மண்ணில் இன்னொரு நாட்டின் நிர்வாகம்! நாள்கணக்கில் அடைத்துவைத்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பல். கழுத்தில் தகர டிக்கெட். அதில் தோட்டத்தின் எண்தான் உண்டு, ஆளின் பெயர் கிடையாது. செலவு எந்தத் தோட்டத்தின் பற்றில் ஏறும் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஃபூக்கோ படித்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஆனால் நம்மவர்கள் பிரெஞ்சுச் சிறைச்சாலைக்குப் போகிற வழியில் மண்டபத்தில் இறங்கிப் பார்ப்பதில்லை.

1939இல் இந்திய அரசு கூலிகள் போவதைத் தடுத்தது. 1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தப் 'பிறகு' 1974இல் வந்தது, ஆளுக்குப் பாதியாக. இரு தரப்பும் எண்ணிக்கையைத்தான் பேசின. போகச் சம்மதமா என்று அந்த ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு புயலலை தனுஷ்கோடியை அழித்தது. துறையை நெருங்கிக்கொண்டிருந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலில் போயிற்று. பாலத்தை 46 நாளில் எழுப்ப முடிந்தது. தனுஷ்கோடிப் பாதையை மறுபடி போடவே இல்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. அதில் வந்திறங்கியவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களில் பலர் அந்தத் தாயகத்தை அதற்குமுன் பார்த்ததே இல்லை.

1984இல் கப்பலும் நின்றது. அதற்குள் 1983 இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்கள் படகுகளில் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்களைப் பதிந்து தங்கவைக்க அரசு தேர்ந்த இடமும் மண்டபம்தான். போரில் சிதைந்த தலைமன்னார்ப் பாதையில் 2015 முதல் மறுபடி ரயில் ஓடுகிறது. இந்தப் பக்கம் 2025 ஏப்ரலில், செங்குத்தாகத் தூக்கும் புதுப்பாலம் திறந்தாயிற்று. ராமேஸ்வரம் ரயில் அதற்குமுன் கடந்துபோகிற நிலையத்தின் பெயர் மண்டபம் கேம்ப்.