உட்சுவர் விடுத்த தூது

1922ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில், பான்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்த இன்சுலின் நீரிழிவுற்ற சிறுவன் ஒருவனுக்கு ஏற்றப்பட்டது. சாவை எதிர்நோக்கியிருந்தோர் பலர் அதனால் பிழைத்தனர். ஆயினும், ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்களுள் பலருக்குக் கண் மங்கிற்று, சிறுநீரகம் தளர்ந்தது, காற்புண் ஆற மறுத்தது. இவையாவும் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவன. குழாய்கள் கெடுவானேன்?

இவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதி, நீரிழிவைக் கருதாத ஓர் ஆராய்ச்சியிலிருந்து கிடைத்தது. குழாயின் உட்புறத்தை ஒரே அடுக்கான உயிரணுக்கள் போர்த்தியுள்ளன. இதனை வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் பர்ச்காட், முயலின் பெருந்தமனித் துண்டில் அசெட்டில்கோலினை இட்டுப் பார்த்தார். உட்சுவர் சிதையாதிருந்தால் தசை தளர்ந்தது; அதைத் தேய்த்து நீக்கினால் தளரவில்லை. உட்சுவரற்ற துண்டை உட்சுவருள்ள துண்டோடு ஒட்டி வைத்தபோதோ, அதுவும் தளர்ந்தது! ஆகவே, உட்சுவரிலிருந்து ஏதோ ஒரு தூது செல்கிறது என 1980இல் அவர் வெளியிட்டார்.

அத்தூது யாது? நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவே எனப் பர்ச்காட்டும் இக்னாரோவும் 1986இல் கருத்துரைத்தனர். மறு ஆண்டு இங்கிலாந்தில் மொன்காடா குழுவினர் அதனை அளந்து காட்டினர். அவ்வாயு தசையைத் தளர்த்தும் என்பதை மூராட் 1977லேயே கண்டிருந்தார். பர்ச்காட், இக்னாரோ, மூராட் மூவரும் 1998இல் நோபெல் பரிசு பெற்றனர்.

நீரிழிவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? உட்சுவர் உயிரணுவில் இவ்வாயுவை ஆக்கும் நொதி ஒன்றுண்டு. ஆக்ட் என்னும் புரதம் அந்நொதியைத் தூண்டுவதை 1999இல் இரு குழுவினர் காட்டினர். இன்சுலினும் இவ்வழியே அந்நொதியை எழுப்புகிறது. இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காதபோது இச்சங்கிலி தளர்கிறது. மிகுந்த சர்க்கரையால் பெருகும் வீரியமிக்க ஆக்சிஜன் பொருள்களோ, உண்டான வாயுவையும் தசையை அடையுமுன் அழித்துவிடுகின்றன. தூது நின்றால் குழாய் விரிவதில்லை, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன, சுவர் தடிக்கிறது.

நீரிழிவாளரிடம் மருத்துவர் சர்க்கரையை மட்டுமன்றி, இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் அளப்பதும், புகைப்பதை விடச் சொல்வதும் இக்குழாய்களைக் காப்பதற்கே. சர்க்கரை வியாதி என்று நாம் வழங்கும் பெயர் நோயின் பாதியைத்தான் சொல்லுகிறது. மறுபாதி குழாயின் உட்சுவரில் இருக்கிறது.