யாழ்ப்பாணத்து வளவும் அதன் நீரும்

ஆறும் மலையும் இல்லாத ஒரு பிரதேசத்திலே, புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவித்து, அப்புகையிலையைத் திருவிதாங்கூர் வரைக்கும் கப்பலேற்றி வாழ்ந்த ஒரு ஜனசமூகத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், கோட்டை கொத்தளங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிட்டு, முதலிற் கிணற்றடிக்குப் போகவேண்டும் என்பது என் துணிபு. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேற் படர்ந்த தட்டையான நிலம். வழுக்கியாறு என்று பெயர் படைத்த ஒன்று தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி அராலியிற் கடனீரேரியைச் சேர்கின்றதாயினும், மாரியில் ஓடிக் கோடையில் வறண்டுவிடும் அதனை நம்பி எவரும் பயிர் செய்ததில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மழையே ஆண்டு முழுவதற்குமான முதல். அம்மழைநீர் கல்லின் வெடிப்புகளினூடே கீழிறங்கி, கடலிலிருந்து அடியிலே புகுந்து நிற்கும் உவர்நீரின் மேல், பாரங் குறைந்த காரணத்தால் மிதந்து நிற்கின்றது. புத்தூருக்கு அணித்தான நிலாவரைக் கிணற்றிலே, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை இன்றும் பரீட்சித்தறியலாம்; 1859இல் இலங்கையைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்ட எமர்சன் டெனன்ட் இக்கிணற்றினை விரித்து எழுதியிருக்கின்றார்.

இந்த அமைப்பிலிருந்து பிறக்கும் ஒரு விளைவைப் பலர் போதியவளவு சிந்திப்பதில்லை. தோட்டத்துக்கு இறைத்த நீரிலே பயிர் குடித்ததும் வெயில் குடித்ததும் போக எஞ்சியது மண்ணினூடே இறங்கி, எந்தக் கிணற்றினின்று வந்ததோ அந்தக் கிணற்றுக்கு ஊற்றாகிய நீர்ப்படலத்தையே மறுபடியும் சேர்கின்றது. ஆகவே இங்கே பயிருக்கு இடுவதும் வீட்டுக்கோடியிற் கொட்டுவதும் ஒருநாள் குடத்துக்குள்ளே வரக்கூடியவை. குடாநாட்டின் பழைய விவசாயம் இந்த உண்மைக்கு ஏற்றபடியே அமைந்திருந்தது. அப்படி அமைந்ததற்கு அறிவு எவ்வளவு காரணமோ, மனிதத் தேகத்தின் பலம் ஒரு எல்லைக்கு உட்பட்டது என்பதும் அவ்வளவு காரணம்.

துலாவை எடுத்துக்கொள்வோம். கிணற்றருகே நாட்டிய ஆடுகாலின் மேல், நெடிய மரமொன்று அச்சிற் கோத்து ஏற்றப்பட்டிருக்கும். அதன் நுனியிலே துலாக்கொடி. கொடியின் முனையிலே பனையோலையால் இழைத்த பட்டை. சிறிய வீட்டுக் கிணறாயின் ஒருவர் நின்று கொடியை இழுத்து அள்ளுவர். தோட்டக் கிணற்றிலோ ஒருவர், சில வேளை இருவர், துலாவின் மேலேறி நின்று, நுனியை நோக்கி நடக்கப் பட்டை கிணற்றுள் இறங்கும். அவர்கள் திரும்பி அடியை நோக்கி நடக்க, நிறைந்த பட்டை மேலே வரும். கீழே நின்று பட்டை பிடிப்பவர் அதனைக் கவிழ்க்க, நீர் வாய்க்காலில் விழுந்தோடும். தொலைவிலே மண்வெட்டியோடு நிற்கும் ஒருவர், பெரும்பாலும் வீட்டுப் பையன், ஒரு பாத்தி நிறைந்தவுடன் அதன் வாயை அடைத்து மறு பாத்திக்குத் தண்ணீர் மாறுவான். வெயில் ஏறுவதற்கு முன், விடிபுறத்திலே, நிலாக் காலமாயின் இரவிலேயே, இவ்வேலை நடந்தது. அந்தரத்தில் ஆடுகின்ற ஒரு மரத்தின் மேல் விழாமல் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்த அக்கால்களின் பிரயாசையை நினைக்குந்தோறும் எனக்கு வணக்கமே உண்டாகின்றது. இப்படி இறைப்பவர் ஒரு துளியையும் வீணாக்கமாட்டார். மேலே மிதக்கும் நன்னீரை அளவுக்கு மிஞ்சி எடுத்து அடியிலுள்ள உவரை மேலே அழைக்கும் வல்லமை துலாவுக்கு இல்லை.

கிணறு தனியொருவர் சொத்தாயிருப்பதும் எல்லா இடத்திலும் வழக்கமன்று. காணி பிள்ளைகளுக்குப் பிரியும்போது கிணறு பிரிவதில்லையாதலால், உறுதிகளிலே இத்தனை பரப்புக் காணியும் கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் பாத்தியதையும் என்று எழுதிவைத்தனர். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். நாலைந்து பரப்போடு ஒரு குடும்பம் சீவித்ததென்றால், தண்ணீர் முறை தவறாமற் பங்கிடப்பட்டதே அதற்கு ஆதாரம். முறை பிசகிய இடங்களிலே வழக்குகளும் குறைவில்லை.

இனி எரு. யாழ்ப்பாணத்து வேலி எல்லையைக் காப்பதற்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்னும் மரங்களின் கதியால்களை நாட்டி உயிர்வேலியாக வளர்த்து, ஆண்டுதோறும் வெட்டிய குழையில் ஒரு பங்கை ஆட்டுக்கும் மற்றப் பங்கை மண்ணுக்கும் கொடுத்தனர். செம்பாட்டு மண்ணைச் சால் சாலாக வெட்டிக் குழை தாழ்த்துவது புகையிலைத் தோட்டத்தின் முதல் வேலை. அறுவடைக்குப் பின் வெறுமையாய்க் கிடக்கும் நிலத்தில் ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் அடைத்து, இரவெல்லாம் விழும் எருவையும் சலத்தையும் மண் பெறும்படி செய்தனர். தீவுப்பகுதிகளிலே கடல் ஒதுக்கிய சாதாளையும் எருவாயிற்று. வீட்டுக்கோடியிலோ இந்த ஒழுங்கு இன்னும் நெருக்கமானது: கிணற்றடியிற் குளித்த நீரும் பாத்திரம் அலசிய நீரும் சிறு வாய்க்கால் வழியே வாழைக்கும் கமுகுக்கும் தோடைக்கும் ஓடின, மீன் கழுவிய தண்ணீரைப் பெண்கள் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் ஊற்றினர். மீனின் கழிவு இலைக்கு உணவாகும் என்னும் விஷயம் எந்த நூலும் சொல்லாமலே அவர்களுக்குக் கைவந்திருந்தது.

1950களை அடுத்து மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் பரவியது. துலா மிதித்த கால்கள் ஓய்வு பெற்றன. அந்த ஓய்வை எவரும் குறை சொல்ல நியாயமில்லை. ஆயினும் ஒரு நாள் முழுதும் மிதித்து எடுக்கும் நீரைச் சொற்ப நேரத்தில் எடுக்கும் யந்திரத்துக்கு நிறுத்தும் எல்லை கிடையாது. அதனோடு சேர்ந்தே யூரியாவும் வந்தது. குழை மெல்ல அழுகி மெல்லக் கொடுக்கும் சத்தை இது உடனே கொடுத்தது. பயிர் எடுத்துக்கொள்ளாத பங்கு, மிகையாக இறைத்த நீரோடு சேர்ந்து, நைத்திரேற்றாகி, வெடிப்புகள் நிறைந்த கல்லினூடே கிணற்றுக்கு இறங்கியது. உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. செம்பாட்டுத் தோட்டங்கள் நெருங்கிய வலிகாமத்திலே பல கிணறுகள் அவ்வெல்லையைக் கடந்துவிட்டமையை 1980கள் தொட்டு ஆய்வாளர் காட்டிவந்திருக்கின்றனர். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு இது பிராணாபத்தையும் விளைக்கக் கூடியது. மலக்குழிகளும் கிணறுகளும் ஒரே சிறு வளவுக்குள் நெருங்கியதையும் இந்தக் கணக்கிற் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடாநாடு மின்சாரத்தை இழந்தது. எரிபொருளும் யூரியாவும் தடைப்பட்ட பொருள்களின் பட்டியலிற் சேர்ந்தன. மெசின்கள் மௌனமாக, மூலையிற் கிடந்த துலாக்கள் மறுபடியும் ஏறின. எருவும் குழையும் மறுபடியும் மதிப்புப் பெற்றன. அதே காலத்தில் வலிகாமம் வடக்கின் செழித்த செம்மண் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டு, உரியவர்களுக்கு எட்டாமற் பற்றையேறிக் கிடந்தன. கட்டாயத்தினால் திரும்பிய பழைய முறையை யாரும் பொற்காலமென்று கொண்டாட வேண்டியதில்லை. 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்திச் சில மாதங்களில் அத்தடையைக் கைவிட்டபோதும், அதன் பின் வந்த பொருளாதார நெருக்கடியிலும், வீட்டுக்கோடியிற் கீரையும் கத்தரியும் வைக்கும் பழக்கம் நாடெங்கும் பேச்சாயிற்று.

மீனையும் பயிரையும் ஒரே நீரில் வளர்க்கும் ‘அக்குவாபோனிக்ஸ்’ என்னும் புது முறையைப் பற்றிப் பலர் கேட்டறியத் தொடங்கியது இக்காலத்திலேதான். 1980களில் கரிபியன் கடலிலுள்ள வர்ஜின் தீவுகளின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரக்கோசியும் அவரைச் சேர்ந்தோரும் இதனை ஒழுங்கான சாஸ்திரமாக விருத்தி செய்தனர். அதுவும் நன்னீர் அருமையாய்க் கிடைக்கும் தீவே என்பது கவனிக்கத்தக்கது. மீன் வெளிவிடும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்ற, கற்படுக்கையில் நிற்கும் செடி அதனை உண்டு, தெளிந்த நீரைத் தொட்டிக்குத் திருப்புகின்றது. எந்த நைத்திரேற்று எங்கள் கிணற்றுக்குக் கேடாயிற்றோ அது இங்கே தொட்டிக்கும் செடிக்கும் இடையிலேயே சுற்றி நின்றுவிடும். இந்த முறை மற்றெந்த ஊருக்கும் ஏற்றதைவிட யாழ்ப்பாணத்துக்கு ஏற்றது என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்தினாலேயே. மீன் என்றதும் சைவ வீட்டார் தயங்க வேண்டியதில்லை. அலங்கார மீன்களும் அதே கழிவைத் தருவன. கிணற்றிலே மீன் விடுவதும் இங்கே புதிதன்று: 2016இன் இறுதியில் மன்னாரிலே புதுவகை மலேரியா நுளம்பு காணப்பட்ட பின், அதன் குடம்பிகளை உண்ணும்படி வடபகுதிக் கிணறுகளிற் சிறு மீன்களைச் சுகாதாரப் பகுதியார் விட்டனர்.

புதிதாய்த் தொடங்குவோருக்கு எங்கள் மண் ஒரு விசேஷமான இடைஞ்சலை வைத்திருக்கின்றது. படுக்கைக்கு ஊரிற் கிடைக்கும் கல்லை உடைத்துப் போடலாமென்றால், அது சுண்ணாம்புக்கல். ஒரு துண்டின் மேல் வினாகிரி விட்டுப் பார்த்தால் நுரைத்துப் பொங்கும். அக்கல் நீரில் மெல்லக் கரைந்து அதன் காரத்தன்மையை உயர்த்த, செடி இரும்புச்சத்தை எடுக்கமாட்டாமல் இளங்குருத்து மஞ்சளிக்கும். அமோனியாவும் மீனுக்கு அதிக நஞ்சாகும். வன்னியிலிருந்து வரும் கருங்கற் சல்லியோ உடைந்த ஓட்டுத்துண்டோ இதற்கு உதவும். கிணற்று நீரும் கடினமானதாகையால் கூரையில் விழும் மழைநீரைச் சேர்த்துக் கலந்துகொள்வது உத்தமம். திலாப்பியா, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன், கடினநீரையும் பொறுக்கும். பற்றீரியா நிலைகொள்ள நாலு முதல் ஆறு கிழமை வேண்டுமாகையால் முதலிற் சில மீன்களே போதும். ஐப்பசி மழையோடு தொட்டியை நிரப்பித் தொடங்குவோர், மார்கழியில் மீன்தொகையைக் கூட்டி, தைக்குள் வல்லாரையும் பசளியும் பறிக்கலாம்.