அந்த 48 வோல்ட்

"உன் தொழிலைப் பற்றி மலருக்கு ஏதாவது எழுது" என்று சங்கத்தார் கேட்டதும் என் ஞாபகத்துக்கு வந்தது ஹாஸ்டல் மாடிப்படிக்குக் கீழே சுவரில் மாட்டியிருந்த இன்டர்காம்தான். நாங்கள் படித்த 2008-12 தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலம். ஃபேன் நின்றுவிடும், செல்போனில் சார்ஜ் இருக்காது. ஆனால் அந்தப் பழைய போனை எடுத்தால் டோன் வரும்! இருட்டில் தட்டுத் தடவிப் போய் மெஸ்ஸுக்கு அடித்து, "அண்ணே, சப்பாத்தி போட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறோம். கரண்ட் இல்லாமல் இது மட்டும் எப்படிப் பேசுகிறது என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. எலெக்ட்ரானிக்ஸ் படித்த நானும்தான்.

கட்டடத்துக்குள் பேச முதலில் இருந்தது வயர் இல்லை, குழாய். கப்பல்களிலும் பெரிய மாளிகைகளிலும் குழாயில் ஊதி ஆளைக் கூப்பிட்டு, அதிலேயே பேசினார்கள். 1876இல் கிரஹாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை பெற்றார். ஆரம்பத்தில் ஒற்றைக் கம்பிதான். மின்சாரம் திரும்பி வர பூமியே வழி. பக்கத்துத் தந்திக் கம்பியின் கடகட சத்தமெல்லாம் காதில் விழுந்தது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் அடிபட்டுப் போகும். 1881இலேயே பெல் இதற்கும் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைய நெட்வொர்க் கேபிளில் முறுக்கி வரும் நாலு ஜோடிக்கும் தாத்தா இதுதான்.

அடுத்த தொல்லை பேட்டரி. அப்போது ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி பேட்டரி. தீர்ந்தால் ஆள் போய் மாற்ற வேண்டும். 1890களில் பேட்டரியை எக்ஸ்சேஞ்சிலேயே வைத்து, பேசுகிற அதே இரண்டு வயரில் மின்சாரத்தையும் அனுப்பத் தொடங்கினார்கள். பின்னாளில் நிலைத்த அளவு 48 வோல்ட், அதாவது 2 வோல்ட் லெட்-ஆசிட் செல் 24. தொட்டால் ஆளைக் கொல்லாது, ஆனால் கிலோமீட்டர் கணக்கில் போகும். செம்புக் கம்பி அரிக்காமல் இருக்க பாசிட்டிவ் பக்கத்தைத்தான் எர்த் செய்வார்கள். 1984இல் தொடங்கிய நம் சி-டாட்டின் 128 போர்ட் எக்ஸ்சேஞ்சும் இதே வழிதான். எங்கள் சப்பாத்தி விசாரணை நடந்ததும் ஆபீஸ் ரூமில் இருந்த பேட்டரியின் புண்ணியத்தில்தான்!

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 1990இல் வெளியான 10பேஸ்-டி தரம், டெலிபோன் வயர் மாதிரியான முறுக்கு ஜோடியிலேயே நெட்வொர்க்கை ஓட்டியது. அதில் ஓர் அழகு உண்டு. எட்டு பின்னில் 1, 2, 3, 6 மட்டும் டேட்டாவுக்கு; நடுவில் இருக்கும் 4, 5 போனுக்கான இடம் என்று தொடாமல் விட்டார்கள். இன்றைக்கும் கேபிளை கிரிம்ப் செய்கிற தம்பி, தங்கைகள் நீல ஜோடியை நடுவில் வைப்பதன் காரணம் இதுதான். ஆனால் டேட்டா வயரில் மின்சாரம் கிடையாது. ஐ.பி. போன் வந்தபோது ஒவ்வொன்றுக்கும் ஓர் அடாப்டர் தேவைப்பட்டது, பழையபடி போனுக்கொரு பேட்டரி என்ற கதைதான். 2003இல் வந்த 802.3ஏ.எஃப். தரம் நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தை ஏற்றியது. எத்தனை வோல்ட்? அதே 48! போர்ட்டுக்கு 15.4 வாட், கேபிளில் விரயம் போக மறுமுனைக்குச் சுமார் 13 வாட். அந்தத் தரத்தின் ஒரு முறையில், போனுக்கென்று ஒதுக்கி வைத்த 4, 5 பின்களிலேயே அந்த மின்சாரம் போகிறது.

இவ்வளவும் தெரிந்த நான் 2019இல் செய்த காரியத்தைச் சொல்கிறேன். தென்மாவட்டத்தில் ஒரு மருத்துவமனை. பழைய இன்டர்காமை எடுத்துவிட்டு ஐ.பி. போன் போட்டோம். டிசைன் என்னுடையது. சர்வர் ரூமுக்கு யு.பி.எஸ். கொடுத்தேன், ஒவ்வொரு மாடியிலும் இருந்த ஸ்விட்சுக்குக் கொடுக்கவில்லை. ஜெனரேட்டர் பதினைந்து நொடியில் வந்துவிடுமே என்ற தைரியம். ஜெனரேட்டர் வரும்தான். ஆனால் ஸ்விட்ச் எழுந்து, அதன்பின் போன் எழுந்து, சர்வரில் பதிவாகி முடிய நாலைந்து நிமிடம் ஆகும். ஒருநாள் ராத்திரி மூன்றாம் மாடி வார்டில் ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல், அதே நேரம் கரண்ட் கட். சிஸ்டர் டியூட்டி டாக்டரைக் கூப்பிட போனை எடுத்தால் சத்தமே இல்லை. ஆயாம்மா மூன்று மாடி இறங்கி ஓடினார். பெரியவர் பிழைத்தார். எனக்குத்தான் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அங்கே பழைய எக்ஸ்சேஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தவர் டெலிபோன் இலாகாவில் ஓய்வு பெற்ற ஒரு லைன்மேன். "தம்பி, வயரு இன்னும் சுவத்துக்குள்ளதான் கெடக்கு. நீங்க பேட்டரியத்தான் கழட்டிட்டீங்க" என்றார். அவர் பேச்சில் கோபம்கூட இல்லை, அதுதான் சுருக்கென்றது. மாடி ஸ்விட்சுகளுக்கெல்லாம் யு.பி.எஸ். லைன் இழுத்தோம். அதோடு அவரையே கூட வைத்துக்கொண்டு, வார்டுக்கு ஒரு பழைய ஜோடியைத் தேடிப் பிடித்து, சின்ன எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் புதுப் பேட்டரி மாட்டி உயிர் கொடுத்தோம். அரை மில்லிமீட்டர் செம்பு; ஒரு ஜோடிகூடக் கெட்டிருக்கவில்லை.

அடுத்த மாதம் போனபோது மூன்றாம் மாடியில் அந்தப் போன் மேல் சிஸ்டர் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்: 'கரண்ட் போனா இது.'