உயிர்த்தெழுதலின் சகோதரர் லாரன்ஸ்

உயிர்த்தெழுதலின் சகோதரர் லாரன்ஸ் (சுமார் 1614 – பிப்ரவரி 12, 1691) பாரிஸ் கார்மேல் மடத்தில் சமையல்காரராகவும் பிறகு செருப்புத் தைப்பவராகவும் இருந்த துறவி. இயற்பெயர் நிக்கோலா எர்மான். அன்றாட வேலையினூடே தூய வாழ்வில் வளர்வதைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவர்கள், எந்தச் சபையினரானாலும், பெரும்பாலும் இவரைக் குறிப்பிடாமல் விடுவதில்லை.

லொரேன் பகுதியில் லூனேவில் அருகே எரிமெனில் என்ற சிற்றூரில் பிறந்தார். பதினெட்டு வயதில், குளிர்காலத்தில் மொட்டையாக நின்ற ஒரு மரம் மறுபடி தளிர்த்துப் பூத்துக் காய்க்கும் என்று நினைத்தபோது இறைவனின் வல்லமை மனத்தில் பதிந்ததாகவும், அந்த உணர்வு பின்னர் ஒருநாளும் மங்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதற்காக உடனே மடத்துக்குப் போய்விடவில்லை. முப்பதாண்டுப் போரில் படைவீரராகிக் காயம்பட்டார். பிறகு ஒரு நிதி அதிகாரி வீட்டில் வேலையாள்; கையில் எடுத்ததையெல்லாம் உடைப்பவன் என்பது தம்மைப் பற்றி அவரே சொன்னது. 1640இல் மடத்தில் சேர்ந்தார். குருப்பட்டம் பெறாத சகோதரராகவே கடைசிவரை இருந்தார்.

அவருக்குச் சமையலறை பிடிக்காது. அங்கேதான் பல ஆண்டுகள் வேலை. வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதையும் இறையன்புக்காகவே செய்தார். அடுத்த வேலை இல்லையென்றால் அங்கேயே தரையில் விழுந்து வணங்கிவிட்டு எழுவார். ஒருமுறை மடத்துக்குத் திராட்சை மது வாங்க பர்கண்டிக்கு அனுப்பினார்கள். பேரம் பேசத் தெரியாது, கால் வேறு ஊனம். படகில் பீப்பாய்களின்மேல் உருண்டுதான் நகர முடிந்தது. ‘இது உம்முடைய காரியம்’ என்ற பாவனையில் இறைவனிடம் ஒப்படைத்துவிட்டார். கொள்முதல் நல்லபடியாகவே முடிந்தது.

தனி நோன்போ சிக்கலான தியான முறையோ அவர் பரிந்துரைத்ததில்லை. வேலைக்கு நடுவே இறைவனோடு மனத்துக்குள் பேசிக்கொண்டிருப்பது, நினைவு சிதறினால் தன்னை நொந்துகொள்ளாமல் மீண்டும் அவர்பக்கம் திரும்புவது, இவ்வளவுதான். நாளடைவில் செபவேளைக்கும் சட்டிபானைகளின் இரைச்சலுக்கும் அவருக்கு வேறுபாடு தெரியவில்லை. பக்திப் பிரசுரங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அதற்கு முன் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் அவர் பட்ட பாடு சாமானியமானதல்ல. தமக்கு மீட்பே இல்லை என்று சில ஆண்டுகள் உறுதியாக நம்பியிருந்தார். பின்னாளில் வந்த எளிமை அந்தப் பத்தாண்டுகளின் விளைச்சல் என்பதே அவர் எழுதிய கடிதங்களைப் படிக்கையில் தோன்றும் முடிவு.

தாமாக அவர் நூல் எதையும் வெளியிடவில்லை. குருவான ஜோசப் த போஃபோர் 1666 முதல் அவரைச் சந்தித்து நான்கு உரையாடல்களைக் குறித்துவைத்தார். இறந்தபின் அவற்றையும் எஞ்சிய கடிதங்களையும் சேர்த்து 1692, 1694ஆம் ஆண்டுகளில் பதிப்பித்தார். நேரம் சரியில்லை. மனமுயற்சியை விட்டு இறைவனில் அடங்கியிருப்பதே போதும் என்ற ‘அமைதிவாதம்’ அப்போது கத்தோலிக்கத் திருச்சபையில் பெரும் சர்ச்சையாகியிருந்தது. லாரன்ஸை நேரில் சந்தித்திருந்த பேராயர் ஃபெனெலோனின் நூலிலிருந்து சில கருத்துகளை 1699இல் ரோம் கண்டித்தது. காலையிலிருந்து இரவுவரை அடுப்படியில் நின்றவரையும் அமைதிவாதி என்ற சந்தேகம் விடவில்லை. பிரான்சில் நூல் ஏறக்குறைய மறக்கப்பட்டது. புராட்டஸ்டன்ட் நாடுகளிலோ தொடர்ந்து வாசித்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தமது ‘கிறிஸ்தவ நூலகம்’ தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். எழுத்துகளின் செம்பதிப்பு பிரெஞ்சில் கொன்ராட் த மேஸ்டரால் 1991இல் வந்தது.